கேட்டது மட்டும் போதாது: ஹேர்மஸ் கப்பலும் எங்கள் பாடசாலைச் சுவிட்சும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள். பாதியில் விட்டாலும் கடைசிப் பகுதியை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

போன தவணையில் எங்கள் உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் வந்து, "சேர், நீங்க எங்கட வட்ஸ்அப்ப எல்லாம் பாக்கிறீங்களாமே?" என்று கேட்டான். நாங்கள் சிரித்துவிட்டு விட்டோம். அடுத்த நாள் காலையில் ஒரு உம்மா கேற்றடியில் நின்றார். "எங்கட புள்ளையள் யாரோட கதைக்கிற, என்னத்தப் பாக்கிற எண்டு நீங்க எடுத்து வைக்கிறயாம், மெய்யா சேர்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குச் சிரிக்க முடியவில்லை. 2019க்குப் பிறகு நம் ஊர்ப் பக்கத்தில் இப்படி ஒரு கேள்வியை யாரும் விளையாட்டுக்குக் கேட்பதில்லை.

நடந்தது இதுதான். பாடசாலையில் காலை ஒன்பது மணியானால் இணையம் ஊர்ந்து போகும். புள்ளிகளைப் பதிவேற்ற உட்கார்ந்தால் பக்கம் திறக்காது. எங்கே அடைபடுகிறது என்று தெரியவில்லை. வெளி இணைப்பு வந்து சேருவது பழைய கட்டிடத்தில், அலுவலக அறையில். கணனி அறை இருப்பது மைதானத்துக்கு அந்தப் பக்கம், புதிய கட்டிடத்தின் மேல் மாடியில். இரண்டுக்கும் நடுவே ஒரு கண்ணாடி இழை வயர். அலுவலகத்தில் நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்க இடமில்லை. எங்கள் ஐசிடி ஆசிரியர், எங்களை விட வயதில் இளையவர், ஒரு வழி சொன்னார்: "அங்க போகத் தேவையில்ல. அங்க ஓடுறத ஒரு நகல் எடுத்து இங்க கொண்டு வருவம்." இதற்கு ரிமோட் போர்ட் மிரரிங் என்று பெயர். ஊருக்குள் கதை பரவியது இந்த வேலையைப் பற்றித்தான்.

இது என்ன என்பதை நம் வாவியை வைத்தே சொல்லலாம். முழுநிலா இரவில் கல்லடிப் பாலத்தடிக்குத் தோணியில் போய், துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறு முனையைக் காதில் வைத்தால் மீன் பாடுவது கேட்கும் என்று நாம் எல்லோரும் சின்ன வயதிலிருந்து கேட்டு வந்திருக்கிறோம். அந்தத் துடுப்பு என்ன செய்கிறது? தண்ணீரைக் கலக்கவில்லை. மீனைப் பிடிக்கவில்லை. பாட்டை நிறுத்தவுமில்லை. அங்கே நடப்பதன் ஒரு பிரதியை மட்டும் நம் காதுக்குக் கொண்டு வருகிறது. நகலெடுப்பு என்பது இவ்வளவுதான்.

முன்பெல்லாம் கணனிகளை இணைக்க ஹப் என்ற பெட்டி இருந்தது. அது பள்ளிவாசல் ஒலிபெருக்கி மாதிரி. ஒருவருக்குச் சொல்லும் செய்தி எல்லோர் காதிலும் விழும். எனவே எந்த மூலையில் உட்கார்ந்தாலும் எல்லாவற்றையும் கேட்கலாம். 1990இல் அமெரிக்காவில் கல்பனா என்ற சிறிய நிறுவனம் முதல் ஈதர்நெட் சுவிட்சை விற்பனைக்குக் கொண்டு வந்தது. 1994இல் சிஸ்கோ அந்த நிறுவனத்தை வாங்கியது. சுவிட்ச் தபால்காரர் மாதிரி. எந்த வீட்டுக் கடிதமோ அந்த வீட்டுக் கதவில் மட்டும் கொடுக்கும். வேகம் கூடியது, அயல் வீட்டுக்காரர் காதில் விழுவதும் நின்றது. ஆனால் கோளாறு தேடும் ஆளுக்கும் எதுவும் கேட்காமல் போய்விட்டது. அதனால்தான் சுவிட்சுக்குள்ளேயே ஒரு கட்டளை வைத்தார்கள்: இந்தத் துளை வழியாகப் போவது வருவது எல்லாவற்றிலும் ஒரு நகலை அந்தத் துளைக்கு அனுப்பு. கேட்பவர் வேறொரு சுவிட்சில் இருந்தால், அந்த நகல் நடந்து வருவதற்கென்றே தனியாக ஒரு பாதை ஒதுக்க வேண்டும். அந்தப் பாதைக்குத்தான் வி-லேன் என்கிறார்கள்.

இந்த வேலை கணனியோடு பிறந்தது அல்ல. இதன் பழைய வரலாற்றில் ஒரு முக்கியமான நாள் நம் மட்டக்களப்புக் கடலில் நடந்தது. நம் பிள்ளைகளுக்கு அது தெரியாது. நம்மில் பலருக்கே தெரியாது. அதற்காகத்தான் இந்தப் பதிவு.

கம்பித் தந்தி வந்த நாளிலிருந்தே அரசுகள் நகல் எடுக்கத் தொடங்கிவிட்டன. முதலாம் உலக யுத்தம் தொடங்கியதும், 1914 ஓகஸ்ட்டில், பிரித்தானியா முதல் வேலையாக ஜேர்மனியின் கடலடிக் கம்பிகளை வெட்டியது. ஜேர்மனியின் செய்திகள் பிறர் கம்பிகளில் போக வேண்டியதாயிற்று. அந்தக் கம்பிகள் பிரித்தானியாவைத் தொட்டுக்கொண்டு போயின. 1917 ஜனவரியில் ஜேர்மன் வெளிவிவகார அமைச்சர் சிம்மர்மான் மெக்சிகோவுக்கு அனுப்பிய இரகசியத் தந்தி இப்படித்தான் லண்டனில் நகலெடுக்கப்பட்டது. தந்தி போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அனுப்பியவருக்கும் சந்தேகமில்லை, பெற்றவருக்கும் சந்தேகமில்லை. மார்ச் முதலாம் திகதி அது அமெரிக்கப் பத்திரிகைகளில் வந்தது. ஏப்ரலில் அமெரிக்கா யுத்தத்துக்குள் இறங்கியது.

வானொலி வந்த பிறகு கம்பியைத் தொடவும் தேவையில்லாமல் போனது. அலை எல்லோர் கூரை மேலும் போகிறது. கேட்கத் தெரிந்தவன் கேட்கலாம். ஜப்பானியக் கடற்படையின் செய்திகளைக் கேட்பதற்காகப் பிரித்தானியா 1935இல் ஹொங்கொங்கில் தூர கிழக்கு ஒருங்கிணைந்த பணியகம் என்ற ஒன்றை அமைத்தது. 1939 ஓகஸ்ட்டில் அது சிங்கப்பூருக்குப் போனது. ஜப்பானியர் மலாயாவுக்குள் இறங்கி வந்தபோது, 1942 ஜனவரியில், அந்தப் பணியகம் தூக்கிக்கொண்டு கொழும்புக்கு வந்தது.

கொழும்பில் அதற்கு எங்கே இடம் கொடுத்தார்கள் தெரியுமா? பெம்புரோக் கல்லூரி என்ற ஒரு பள்ளிக்கூடத்தில். வகுப்பறைகளில் வானொலிப் பெட்டிகளை வைத்தார்கள். ஒரு பக்கம் காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஜப்பானிய மோர்ஸ் ஒலியைக் கேட்டுக் கேட்டு எழுதுபவர்கள். மறு பக்கம் அந்தத் தாள்களை வாங்கி எண்களைப் பிரிப்பவர்கள். ஜப்பானியக் கடற்படையின் பிரதான சங்கேதத்துக்கு ஜேஎன்-25 என்று பெயர் வைத்திருந்தார்கள். ஐந்து ஐந்து எண்களாக வரும். பல நாட்களில் அதை வாசிக்கவே முடியாது. ஆனாலும் எந்தக் கப்பல் எந்தக் கப்பலோடு பேசுகிறது, எவ்வளவு அடிக்கடி பேசுகிறது, சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை வைத்தே நிறையச் சொல்லிவிடுவார்கள். இந்த இடத்தை நினைவில் வையுங்கள். அந்த உம்மாவின் கேள்விக்கான பதிலில் பாதி இதில் இருக்கிறது.

எங்கள் கணனி அறையோடு ஒப்பிட்டால் எல்லாம் பொருந்தும். ஜப்பானியரின் அலை, மூலத் துளை. காதில் மாட்டிய ஆள், சுவிட்ச். தாள்கள் பிரிப்பவரிடம் போகும் வழி, அந்தத் தனிப் பாதை. எண்களோடு மல்லுக்கட்டும் ஆள், முடிவிடத்தில் இருக்கும் கணனி. அதற்கும் அப்பால் ஒருவர் இருக்கிறார்: அந்தச் செய்தியை வைத்து ஏதாவது செய்ய வேண்டிய தளபதி. அந்த ஆளைச் சுவிட்சில் எந்தக் கட்டளையாலும் அமைக்க முடியாது.

1942 மார்ச் இறுதியில் கொழும்புப் பணியகத்திலிருந்து செய்தி போனது: ஏப்ரல் முதலாம் திகதியை ஒட்டி இலங்கை மீது விமானத் தாக்குதல் வரும். கிழக்குக் கடற்படையின் தளபதி அட்மிரல் சமர்வில் கப்பல்களைத் திரட்டிக்கொண்டு இலங்கைக்குத் தெற்கே காத்திருந்தார். முதலாம் திகதி போனது. இரண்டாம் திகதியும் போனது. எவரும் வரவில்லை. தகவல் பிழையென்று எண்ணி, எண்ணெயும் தண்ணீரும் நிரப்பப் பெரும்பாலான கப்பல்களை மாலைதீவின் அட்டு தீவுத் தொகுதிக்குக் கொண்டு போனார். சில கப்பல்களைக் கொழும்புக்கும் திருகோணமலைக்கும் அனுப்பினார். திருகோணமலைக்கு வந்தவற்றில் ஒன்று ஹேர்மஸ்.

தகவல் பிழையில்லை. திகதி மட்டும்தான் சில நாள் தள்ளிப் போயிருந்தது. ஏப்ரல் 4ஆம் திகதி கொக்கலையிலிருந்து பறந்த கனேடிய விமானி லெனார்ட் பேர்ச்சல் ஜப்பானியக் கப்பற் கூட்டத்தைக் கடலில் கண்டார். வானொலியில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவரது விமானம் சுடப்பட்டது. அவர் யுத்தம் முடியும் வரை ஜப்பானியரிடம் கைதியாக இருந்தார். அடுத்த நாள், ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு. அன்று காலை கொழும்பு தாக்கப்பட்டது. அன்றே டோர்செட்ஷயர், கோர்ன்வோல் என்ற இரண்டு பெரிய போர்க்கப்பல்கள் கடலில் மூழ்கின.

இனி நம் கடலுக்கு வருவோம்.

ஹேர்மஸ் சாதாரணக் கப்பல் அல்ல. விமானம் தாங்கிக் கப்பலாகவே வரையப்பட்ட உலகின் முதல் கப்பல் அது. அதற்கு முந்தியவை பெரும்பாலும் வேறு கப்பல்களை மாற்றிக் கட்டியவை. 1924இல் சேவைக்கு வந்தது. நம் கல்லடிப் பழைய பாலம் திறந்ததும் அதே ஆண்டில்தான். ஏப்ரல் 8ஆம் திகதி ஜப்பானியக் கப்பல்கள் மறுபடி காணப்பட்டதால், திருகோணமலையில் நிற்க வேண்டாம் என்று அன்றிரவே ஹேர்மஸைத் தெற்கே அனுப்பினார்கள். துணைக்கு வம்பயர் என்ற அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பல். ஹேர்மஸின் மேல்தளத்தில் அன்று ஒரு விமானமும் இல்லை. விமானம் தாங்கிக் கப்பல், விமானம் இல்லாமல் போனது.

ஏப்ரல் 9 காலை. திருகோணமலைத் துறைமுகமும் சீனன்குடா விமானத்தளமும் தாக்கப்பட்டுக்கொண்டிருந்த நேரம். மட்டக்களப்புக்கு அருகே ஹேர்மஸை ஒரு ஜப்பானிய வேவு விமானம் கண்டது. ஹருணா என்ற போர்க்கப்பலிலிருந்து வந்த விமானம் அது. கண்டதை உடனே வானொலியில் சொன்னது.

இப்போது கவனியுங்கள். அந்தச் செய்தியைப் பிரித்தானியர் இடைமறித்துக் கேட்டார்கள். விளங்கிக்கொண்டார்கள். "முழு வேகத்தில் திருகோணமலைக்குத் திரும்பு" என்று ஹேர்மஸுக்கு உத்தரவு போட்டார்கள். பாதுகாப்புக்குப் போர் விமானங்களை அனுப்பவும் முயன்றார்கள். நகல் எடுத்தாயிற்று, வந்து சேர்ந்தாயிற்று, வாசித்தாயிற்று. ஒரு நகலெடுப்பு எவ்வளவு சரியாக நடக்கலாமோ அவ்வளவு சரியாக நடந்தது.

ஆனால் 85 குண்டுவீச்சு விமானங்கள் ஏற்கனவே புறப்பட்டுவிட்டன. அவற்றில் முப்பதுக்கும் மேற்பட்டவை இந்த இரண்டு கப்பல்களையும் சூழ்ந்தன. உதவிக்கு வந்தவை ஆறு ஃபுல்மார் விமானங்கள். இன்னும் ஆறு விமானங்கள் வந்து சேர்ந்தபோது ஹேர்மஸ் தண்ணீருக்குள் போய்விட்டது. முற்பகல் பதினொரு மணியளவில் எல்லாம் முடிந்தது. ஹேர்மஸில் கப்டன் ஒன்ஸ்லோ உட்பட 307 பேர் இறந்தார்கள். வம்பயரும் மூழ்கியது. உயிர் தப்பியவர்களில் பெரும்பாலோரை வீட்டா என்ற மருத்துவக் கப்பல் தூக்கிக் காப்பாற்றியது.

அந்தக் கப்பல் இன்றும் நம் கரையிலிருந்து சுமார் ஒன்பது கடல் மைல் தொலைவில், 50 மீற்றருக்கும் கூடுதலான ஆழத்தில் கிடக்கிறது. சுழியோடிகள் வெளிநாடுகளிலிருந்து வந்து பார்க்கிறார்கள். அதில் இறந்தவர்களில் பலர் நம் உயர்தர மாணவர்களை விட ஓரிரண்டு வயது மூத்த பிள்ளைகள். அவர்களுக்கும் வீட்டில் ஒரு உம்மா இருந்திருப்பார்.

இந்தத் தாக்குதல்களுக்குப் பிறகு கேட்கும் பணியகத்தை இலங்கையில் வைக்கப் பயந்து, கென்யாவின் மொம்பாசாவில் கிளிண்டினி என்ற இடத்துக்குக் கொண்டு போனார்கள். அங்கேயும் அவர்களுக்குக் கிடைத்தது ஒரு பள்ளிக்கூடம்தான். இந்திய முஸ்லிம் வணிகர் அலிதீனா விஸ்ராமின் பெயரில் இருந்த பாடசாலை. பாதுகாப்பான இடம், ஆனால் தூரமான இடம். ஜப்பானியரின் அலை அங்கே சரியாக எட்டவில்லை. மூலத்திலிருந்து கேட்பவர் தூரப் போகப் போக நகல் தேய்ந்துகொண்டே போகும் என்பதை அவர்கள் அனுபவித்துப் படித்தார்கள். 1943 செப்டெம்பரில் மறுபடி கொழும்புக்கே வந்தார்கள். அண்டர்சன் என்ற கோல்ஃப் மைதானத்தில் நிலையம் அமைத்தார்கள். மைதானத்துக்குக் கப்பல் பெயர் வைத்து எச்எம்எஸ் அண்டர்சன் என்று அழைத்தார்கள். அங்கே காதில் கருவி மாட்டி இரவு பகலாக எழுதியவர்களில் பெண்கள் பலர். யுத்தம் முடிந்த பிறகும் அந்த நிலையம் கேட்பதை நிறுத்தவில்லை.

கணனிக் காலத்திலும் இதே கதை திரும்ப நடந்தது. 1986இல் கலிபோர்னியாவில் லோரன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடத்தில் கிளிஃபர்ட் ஸ்டோல் என்ற வானியலாளர் வேலை செய்தார். கணனிக் கணக்கில் 75 சதம் இடித்தது. வேறு யாராவது என்றால் சட்டைப் பையிலிருந்து போட்டு மூடியிருப்பார்கள். அவர் தேடினார். எவனோ வெளியிலிருந்து தொலைபேசி வழியாக நுழைகிறான் என்று கண்டார். வார இறுதியில் எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு, சக ஊழியர்களின் மேசைகளிலிருந்து அச்சுப்பொறிகளையும் திரைகளையும் தூக்கிக்கொண்டு வந்து, உள்ளே வரும் சுமார் 50 தொலைபேசி இணைப்புகளிலும் பொருத்தினார். நுழைபவன் அடிக்கும் ஒவ்வோர் எழுத்தும் அவனுக்குத் தெரியாமலே தாளில் விழுந்தது. நகலெடுப்பு, ஆனால் கையால் செய்தது.

தாள் கையில் கிடைத்த பிறகுதான் அவருக்குத் தொல்லை தொடங்கியது. அமெரிக்கப் புலனாய்வாளர்களிடம் போனார். 75 சதத்துக்காகவா வந்தாய் என்கிற மாதிரித்தான் அவரை நடத்தினார்கள். மாதக்கணக்கில் கதவு கதவாகத் தட்ட வேண்டியிருந்தது. கடைசியில் நுழைந்தவன் மேற்கு ஜேர்மனியின் ஹனோவரில் இருந்த மார்க்கஸ் ஹெஸ் என்பதும், திருடிய தகவல்கள் சோவியத் உளவுத்துறைக்கு விற்கப்பட்டதும் தெரிய வந்தது. நகல் அவரிடம் எவ்வளவோ நாளாக இருந்தது. அதைக் கேட்க ஆள் இல்லை.

இனி வருவது எழுதக் கஷ்டமான பகுதி. ஆனால் இதை எழுதாவிட்டால் மேலே எழுதியதற்கு அர்த்தமில்லை.

2017 மார்ச்சில் காத்தான்குடி அலியார் சந்தியில் ஸஹ்ரானின் ஆட்கள் சக முஸ்லிம்களோடு மோதியது நம் எல்லோருக்கும் தெரியும். அந்த ஆளைப் பற்றி முதலில் முறைப்பாடு செய்தவர்களே முஸ்லிம்கள்தான். 2019 ஏப்ரல் 4ஆம் திகதி இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்தது. ஏப்ரல் 9ஆம் திகதி அது கடிதமாகப் பொலிஸ் மா அதிபருக்குப் போனது. ஏப்ரல் 11ஆம் திகதி உட்சுற்றாகவும் அனுப்பப்பட்டது. திகதியைப் பாருங்கள். ஏப்ரல் 9. ஹேர்மஸ் மூழ்கிய அதே நாள், 77 ஆண்டுகள் கழித்து. இந்த ஒற்றுமையில் மந்திரம் ஒன்றுமில்லை. ஆனால் வரலாறு படிப்பிக்கும் எங்களுக்கு அதைக் கடந்து போக முடியவில்லை.

1942இல் செய்தியைக் கேட்டவர்கள் அந்த நிமிடமே ஓடினார்கள். அவர்களுக்குக் காலம் போதவில்லை. 2019இல் பன்னிரண்டு நாள் முழுசாக இருந்தது. ஏப்ரல் 21, மறுபடியும் ஓர் உயிர்த்த ஞாயிறு. கொழும்பிலும் நீர்கொழும்பிலும் நம் மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலும் 260க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். சீயோனில் போன உயிர்களில் சின்னப் பிள்ளைகள் பலர். நம் பிள்ளைகளோடு ஒரே பஸ்ஸில் போய் வந்த வயதுப் பிள்ளைகள். 2023 ஜனவரி 12ஆம் திகதி உயர் நீதிமன்றம், கிடைத்த எச்சரிக்கையின் மீது நடவடிக்கை எடுக்கத் தவறியதால் மக்களின் அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று தீர்ப்பளித்தது. முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. பாதுகாப்புத் துறையின் உயர் அதிகாரிகளுக்கும் நட்டஈடு விதித்தது.

அதன் பிறகு நமக்கு நடந்ததை நாம் மறக்கவில்லை. வீடு வீடாகத் தேடல். அலுமாரியில் இருந்த அரபு எழுத்துப் புத்தகத்தைப் பார்த்தே பயந்தோம். போனில் இருந்த பயான்களை அழித்தோம், மையித்து வீட்டுப் படங்களைக்கூட அழித்தோம். எச்சரிக்கையைக் கையில் வைத்திருந்தவர்கள் சும்மா இருந்ததற்கான விலையில் ஒரு பங்கை, எச்சரித்தவர்களும் சேர்ந்து கட்டினோம். சீயோன் உறவுகள் கட்டிய விலை அதைவிட எவ்வளவோ பெரிது. இரண்டையும் ஒரே தராசில் வைக்க மாட்டோம். ஆனால் இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: கேட்டார்கள், செய்யவில்லை.

இனி எங்கள் பாடசாலைக்கு வருகிறோம்.

எங்கள் தம்பி ஒரு வியாழன் பின்னேரம் வேலையை முடித்தார். செய்த முறையைச் சுருக்கமாகச் சொல்கிறோம், வேறு பாடசாலை ஆசிரியர்களுக்கும் உதவும். முதலில் இரண்டு கட்டிடச் சுவிட்சுகளிலும் நகலுக்கென்றே ஒரு புதிய வி-லேன் திறந்து, இது தொலை நகலுக்கு உரியது என்று குறித்தார். அதில் வேறு எந்தக் கணனியையும் சேர்க்கக் கூடாது. இரண்டு கட்டிடங்களுக்கு நடுவேயுள்ள இணைப்பு அந்த வி-லேனையும் சுமக்கிறதா என்று சரிபார்த்தார். அலுவலகச் சுவிட்சில், வெளி இணைப்பு வரும் துளையை மூலமாகவும் அந்த வி-லேனை முடிவிடமாகவும் வைத்தார். கணனி அறைச் சுவிட்சில் அதைத் திருப்பிப் போட்டார்: வி-லேன் மூலம், கேட்கும் கணனியின் துளை முடிவிடம். அந்தத் துளையில் இருக்கும் கணனி இனிச் சாதாரணமாக இணையம் பாவிக்க முடியாது, கேட்க மட்டும்தான் முடியும். அந்தக் கணனியில் வயர்ஷார்க் என்ற இலவச மென்பொருளைப் போட்டார். 1998இல் ஈதரியல் என்ற பெயரில் வந்து 2006இல் பெயர் மாறியது அது.

இதில் கவனிக்க இரண்டு விசயம். ஒன்று, நகலும் அதே வயரில்தான் நடந்து வருகிறது. மூலத்தில் போக்குவரத்து கூடினால் நடுவேயுள்ள இணைப்பும் நெருங்கும். கடைசித் துளை கொள்ளாவிட்டால் நகலில் சில துண்டுகள் சத்தமில்லாமல் விழுந்துவிடும், கேட்பவருக்கு அது தெரியவே தெரியாது. எனவே கேட்டதெல்லாம் முழுமை என்று நம்பக் கூடாது. இரண்டு, நகலை வைத்து எதையும் தடுக்க முடியாது. திருடன் போவதைக் காட்டும், பிடிக்காது.

அப்புறம் என்ன நடந்தது? வெள்ளி அரைநாள் மாதிரிப் போனது. சனி, ஞாயிறு விடுமுறை. திங்கள் போயா. செவ்வாய்தான் நாங்கள் அந்தக் கோப்பைத் திறந்தோம். பதிவின் முதல் பத்து நிமிடத்திலேயே பதில் இருந்தது. நாலு நாள் அது அங்கேயே கிடந்திருக்கிறது. இத்தனை வரலாறு பேசும் நாங்களும் அதே பிழையைத்தான் செய்தோம்.

பதில் என்னவென்றால், பாடசாலைப் பாதுகாப்புக்காக நாங்கள் பூட்டிய சிசிடிவி பதிவுப் பெட்டி. அதில் ஒரு வசதி திறந்து கிடந்திருக்கிறது. கடவுச்சொல்லும் பெட்டியோடு வந்ததேதான், எவரும் மாற்றவில்லை. காலையில் அலுவலகம் திறந்து பெட்டிக்கு மின்சாரம் போட்டதிலிருந்து, வாசலில் வரும் பிள்ளைகளின் படத்தை எங்கேயோ வெளியில் உள்ள ஒரு சேவருக்கு அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறது. இணையம் ஊர்ந்ததன் காரணம் அதுதான். பிள்ளைகளின் வட்ஸ்அப்பை நாங்கள் பார்க்கிறோமா என்று அந்த உம்மா கேட்டார். உண்மையில் பிள்ளைகளின் முகம் எத்தனை மாதமாக எங்கே போனது என்று எங்களுக்கே தெரியாமல் இருந்திருக்கிறது. அன்றே அந்த வசதியை மூடினோம், கடவுச்சொல்லை மாற்றினோம். அதிபரிடம் எழுத்தில் கொடுத்தோம். பெற்றோர் கூட்டத்தில் மறைக்காமல் சொன்னோம்.

அந்த உம்மாவுக்குச் சொன்ன பதிலை இங்கேயும் எழுதுகிறோம். வட்ஸ்அப்பில் எழுதியதை, பேசியதை இந்த நகலில் வாசிக்க முடியாது. அது பூட்டிய பெட்டியில் போகிறது, திறப்பு இரண்டு முனையிலும் உள்ள போன்களில் மட்டும்தான். ஆனால் எந்தக் கருவி, எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம், எவ்வளவு நேரம் என்பது தெரியும். பெம்புரோக் கல்லூரியில் எண்களை வாசிக்க முடியாத நாளிலும் கப்பல் போகும் திசையைச் சொன்னார்களே, அது மாதிரி. எனவே "ஒன்றும் தெரியாது" என்று சொன்னால் அது பொய். பிறர் விசயத்தைத் துருவுவது நம் மார்க்கத்தில் எவ்வளவு பெரிய குற்றம் என்று பிள்ளைகளுக்கு நாங்களே படிப்பிக்கிறோம். அதனால் மூன்று முடிவு எடுத்தோம். நகல் எடுக்கும் நாட்களில் கணனி அறைக் கதவில் அறிவித்தல் ஒட்டுவோம். கோளாறு கண்டுபிடித்ததும் நகலெடுப்பை நிறுத்திக் கோப்பை அழிப்போம், இருவர் முன்னிலையில். நகலைத் திறந்து பார்க்க நாளும் ஆளும் குறிக்காமல் நகல் எடுக்கவே மாட்டோம்.

கடைசி முடிவுதான் எங்களுக்கு இந்த வரலாறு தந்தது. நம் பள்ளிவாசல்களிலும் கடைகளிலும் சந்திகளிலும் இப்போது கெமரா இல்லாத இடமில்லை. ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள். நகலை எடுப்பது யார்? அது எந்த வழியாக எங்கே போகிறது? அந்த முனையில் உட்கார்ந்திருக்கும் ஆள் யார், அவர் கண்டால் என்ன செய்வார்? மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால் அந்தக் கெமரா பாதுகாப்பு இல்லை. அது வெறும் பதிவு.

உறவுகளிடம் ஒரு வேண்டுகோள். 1942 ஏப்ரலில் நம் கடற்கரையில் என்ன கண்டார்கள், என்ன சத்தம் கேட்டார்கள், கரைக்கு என்ன வந்து ஒதுங்கியது என்று உங்கள் மூத்தவாப்பா, மூத்தும்மா சொல்லக் கேட்டிருந்தால் எழுதுங்கள். எழுத முடியாதவர்கள் குரல் பதிவாக அனுப்புங்கள். காத்தான்குடி, பூநொச்சிமுனை, கல்லடி, நாவலடி எந்தப் பக்கமாக இருந்தாலும், எந்த மதத்தவராக இருந்தாலும் சரி. அந்தச் சாட்சிகள் இப்போது ஒன்றிரண்டு பேர் வாயில்தான் மிஞ்சியிருக்கும். அனுப்பினால் நாங்கள் நிச்சயம் திறந்து கேட்போம். நாலு நாள் தள்ளிப் போட மாட்டோம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.